பிழை தேடிய யந்திரங்கள் – 17: ஜன்னல்களுக்குள் மறைந்த தடம்

சென்ற வாரம், ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986-ஆம் ஆண்டில் குனூ திட்டத்துக்கென்று எழுதிய ஜிடிபி என்னும் டிபக்கர், பெர்க்லியில் பிறந்த டிபிஎக்ஸின் பாவனைகளைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டு, வாக்ஸ், மோட்டரோலா 68000 முதலிய யந்திரங்களில் காலூன்றிய விருத்தாந்தத்தைப் பார்த்தோம். ஓடுகிற புரோகிராமைப் பாதி வழியில் நிறுத்திவைத்து, அது நிற்கும் இடம் எது, அவ்விடத்துக்கு அதை அழைத்து வந்தவர் யார் யார், அதன் வசம் இருக்கும் மதிப்புகள் எவை என்று விசாரிக்கும் அந்தக் கலை, மேற்பார்வைக்கு எல்லா யந்திரங்களுக்கும் பொதுவானதாகத் தோன்றினாலும், உள்ளே அந்தந்தப் பிராசசரின் அந்தரங்க வழக்கங்களையே அஸ்திவாரமாகக் கொண்டது என்று கோடிகாட்டி நிறுத்தியிருந்தோம்.

இந்த வாரம், அந்த அஸ்திவாரம் ஆட்டம் கண்ட கதை.

* * *

68000-ஐ வைத்துக்கொண்டு டிபக்கர் எழுதியவர்களுக்கு மூன்று சௌகரியங்கள் வாய்த்திருந்தன. புரோகிராமை நிறுத்த வேண்டிய இடத்தில் இருக்கும் கட்டளையின் முதல் இரண்டு பைட்டுகளைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டு, அவ்விடத்தில் டிராப் 15 என்னும் கட்டளையை எழுதிவிட்டால், பிராசசர் அங்கே வந்ததும் கெர்னலுக்குள் விழும். கெர்னல் டிபக்கரை எழுப்பும். இது முதல் சௌகரியம். இதற்கு பிரேக்பாயிண்ட் என்று பெயர்.

இரண்டாவது, அந்தப் பிராசசரின் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் டிரேஸ் என்று ஒரு பிட் இருந்தது. அதை ஏற்றிவிட்டால், ஒவ்வொரு கட்டளை முடிந்ததும் யந்திரம் தானாகவே நின்று கைகட்டிக்கொண்டு நிற்கும்.

மூன்றாவது சௌகரியம்தான் மிகவும் அழகானது. ஒரு ஃபங்ஷனுக்குள் நுழைந்தவுடன் லிங்க் என்னும் ஒரே கட்டளை, தன்னை அழைத்தவருடைய ஸ்டாக் ஃபிரேமின் முகவரியை ஸ்டாக்கில் தள்ளி, தன் முகவரியை ஏ6 என்னும் ரெஜிஸ்டரில் வைத்துவிடும். ஆகவே ஏ6-ஐப் பிடித்துக்கொண்டு அது காட்டும் இடத்துக்குப் போனால் அங்கே முந்தியவரின் முகவரி, அதைப் பிடித்துக்கொண்டு போனால் அவருக்கும் முந்தியவரின் முகவரி என்று, சங்கிலியின் கண்ணி கண்ணியாக மெயின் வரைக்கும் பின்னோக்கி நடந்துவிடலாம். யாருக்கு யார் திரும்ப வேண்டும் என்னும் தகவலும் ஒவ்வொரு கண்ணிக்கும் நாலு பைட் தள்ளிக் காத்திருக்கும்.

இந்த மூன்றையும் இயற்கையின் நியதிகள் என்றே பலர் எண்ணிவிட்டார்கள். அவை ஒரு தலைமுறை வடிவமைப்பாளர்களின் தாராள மனத்தினால் கிடைத்த சலுகைகள் என்பது, சலுகை பறிபோன பிறகுதான் விளங்கியது.

* * *

பறித்தவர்கள் கலிபோர்னியாவில் இருந்தார்கள். பெர்க்லி சர்வகலாசாலையில் டேவிட் பேட்டர்ஸனும் அவருடைய சகாக்களும் 1980 முதல் நடத்திய ரிஸ்க் பரிசோதனைகளில், சி போன்ற மொழிகளில் எழுதப்பட்ட புரோகிராம்கள் ஃபங்ஷன்களை அழைப்பதிலும் திரும்புவதிலும் மெமரியைத் தொட்டுத் தொட்டுப் பெரும் காலத்தை விரயம் செய்கின்றன என்று கண்டு, அந்த விரயத்தைத் தவிர்ப்பதற்காக ஓர் உபாயத்தைக் கையாண்டார்கள். 1987-ஆம் ஆண்டின் நடுவில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் தன்னுடைய சன்-4 யந்திரத்தை வெளியிட்டபோது, அதற்குள் ஃபுஜித்சு செய்து கொடுத்த சிப்பில் குடியிருந்த ஸ்பார்க் என்னும் புதிய பிராசசர், அந்த பெர்க்லி உபாயத்தைத்தான் தன் குலதனமாகக் கொண்டு வந்தது.

அந்த உபாயத்தின் பெயர் ரெஜிஸ்டர் ஜன்னல்.

எந்த நிமிஷத்திலும் புரோகிராமின் கண்ணுக்குத் தெரிபவை 32 ரெஜிஸ்டர்கள். அவற்றில் எட்டு, எல்லோருக்கும் பொதுவானவை. மீதி இருபத்துநாலும் ஒரு ஜன்னல் வழியாகத் தெரிபவை: வந்தவை எட்டு, சொந்தமானவை எட்டு, போகிறவை எட்டு. ஒரு ஃபங்ஷன் மற்றொன்றை அழைத்து, அழைக்கப்பட்டது ஸேவ் என்னும் கட்டளையை நிறைவேற்றியதும், ஜன்னல் பதினாறு ரெஜிஸ்டர்கள் நகர்ந்துவிடும். அழைத்தவருடைய 'போகிறவை' எட்டும் அழைக்கப்பட்டவருடைய 'வந்தவை' எட்டாக ஆகிவிடும். இரண்டு வீட்டுக்கும் பொதுவான நடுச்சுவரில், இருபுறமும் கதவு வைத்த அலமாரி ஒன்றைக் கட்டியதுபோல, அந்த வீட்டுக்காரர் உள்ளே வைத்ததை இந்த வீட்டுக்காரர் தம் பக்கத்துக் கதவைத் திறந்து எடுத்துக்கொள்ளலாம். தெருவில் இறங்க வேண்டிய அவசியமே இல்லை. மெமரியைத் தொடாமலே அர்க்யூமெண்டுகள் கைமாறின.

ஸ்பார்க் சாஸ்திரம் இந்த ஜன்னல்களின் எண்ணிக்கையை 2 முதல் 32 வரை எதுவாகவும் இருக்கலாம் என்று சிப் செய்பவரின் இஷ்டத்துக்கு விட்டுவிட்டது. அதாவது ஒரு சிப்பில் மொத்தம் 40 ரெஜிஸ்டர்கள் இருக்கலாம். வேறொன்றில் 520 இருக்கலாம். புரோகிராமுக்கு அந்த பேதமே தெரியக் கூடாது. ஜன்னல்கள் தீர்ந்துபோனால் ஒரு டிராப் உண்டாகி, கெர்னல் வந்து, பழைய ஜன்னல் ஒன்றின் பதினாறு ரெஜிஸ்டர்களை அந்த ஃபங்ஷனுடைய ஸ்டாக்கில் எழுதி இடம் பண்ணிக்கொடுக்கும். அதற்காகவே ஒவ்வொரு ஃபிரேமின் அடியிலும் 64 பைட்டுகள் வெற்றிடமாகக் காத்திருக்க வேண்டும் என்பது கட்டளை.

ஸ்டான்ஃபோர்டில் ஜான் ஹென்னஸியின் பரம்பரையில் வந்த மிப்ஸ்காரர்கள் இந்த ஜன்னல் சமாசாரத்தையே வேண்டாம் என்று ஒதுக்கி, கம்பைலரின் சாமர்த்தியத்தை நம்பினார்கள் என்பதை இங்கே சொல்லி வைக்கலாம். யார் செய்தது சரி என்ற விவகாரத்தைப் பிற்கால யந்திரங்கள் தீர்த்துவைத்துவிட்டன. ஜன்னல்கள் அதிகம் பரவவில்லை. ஆனால் 1987-இல் அது யாருக்கும் தெரியாது. தெரிந்ததெல்லாம், சன்-4 வேகமாக ஓடியது என்பதும், அதில் ஓடிய புரோகிராம்களிலும் பிழைகள் இருந்தன என்பதும்தான்.

* * *

ஜிடிபியை ஸ்பார்க்குக்குக் கொண்டுவந்தவர் மைக்கேல் டீமன். டெக்ஸாஸ் மாகாணத்தில் ஆஸ்டினில் இருந்த எம்சிசி என்னும் ஆராய்ச்சி ஸ்தாபனத்தில் உத்தியோகம் பார்த்த இவர், 1987-இல் ஸ்டால்மனுடைய ஜிசிசி என்னும் சி கம்பைலரை அஸ்திவாரமாக வைத்து ஜி பிளஸ் பிளஸ் என்னும் சி பிளஸ் பிளஸ் கம்பைலரை எழுதியவர். ஜிசிசி ஸ்பார்க் யந்திரத்தின் பாஷையைப் பேசியதும் இவர் கைவண்ணத்தால்தான்.

கம்பைலரை எழுதியவரே டிபக்கரையும் திருத்த நேர்ந்தது, என் அபிப்பிராயத்தில், இந்த அத்தியாயத்தின் பெரும் அதிர்ஷ்டம். ஒரு ஃபங்ஷனின் முதல் நாலு கட்டளைகளில் என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து ஊகித்து அறிய வேண்டியவன் டிபக்கர்காரன். அந்த நாலு கட்டளைகளையும் என்ன வரிசையில் எழுதுவது என்று தீர்மானிப்பவன் கம்பைலர்காரன். இருவரும் ஒருவராக இருந்தபோது, ஊகத்துக்கு வேலை குறைந்தது. அவர் தொடங்கிய வேலையைப் பின்னால் பலர் செப்பனிட்டார்கள். எது அவர் கை, எது மற்றவர் கை என்று பிரிப்பதைவிட, அந்தக் கைகளெல்லாம் சேர்ந்து எதிர்கொண்ட இடையூறுகளைப் பார்ப்பதே நமக்குப் பிரயோஜனம்.

முதல் இடையூறு, தடம் மறைந்தது.

புரோகிராம் நிற்கிறது. அதை அழைத்தவர், அவரை அழைத்தவர், அவரையும் அழைத்தவர் ஆகியோரின் அடையாளங்கள் ஸ்டாக்கில் இருக்கலாம். அல்லது இன்னும் மெமரிக்கு வராமல், சிப்பின் உள்ளே, எந்தக் கட்டளையாலும் நேரில் தொட முடியாத பழைய ஜன்னல்களில் கிடக்கலாம். ஸ்டாக்கைப் படிக்கிற டிபக்கருக்கு அங்கே கிடைப்பது, கெர்னல் எழுதி வைத்த மெய்யான தகவலா, இரண்டு மணி நேரத்துக்கு முன்பு வேறொரு ஃபங்ஷன் விட்டுப்போன குப்பையா என்று எப்படித் தெரியும்?

நல்லவேளையாக, கெர்னலே இதற்கு வழிசெய்தது. ஒரு பிராசஸிலிருந்து மற்றொன்றுக்கு யந்திரம் மாறும்போது, முந்தைய பிராசஸின் ஜன்னல்களை எப்படியும் காலிசெய்தாக வேண்டும். ஆகவே டிபக்கர் விழித்துக்கொண்டு விசாரணையைத் தொடங்கும் சமயத்தில், விசாரிக்கப்படுபவனின் ஜன்னல்கள் அனைத்தும் அவனவன் ஃபிரேமின் அடியில் அந்த 64 பைட் இடத்தில் எழுதப்பட்டிருக்கும். பிடிரேஸ் என்னும் கெர்னல் சேவையிடம் ரெஜிஸ்டர்களைக் கொடு என்று கேட்டால், பொதுவானவை எட்டும் போகிறவை எட்டும் மட்டுமே கிடைக்கும். மீதிப் பதினாறையும் ஸ்டாக் பாயிண்டர் காட்டும் இடத்துக்குப் போய், மெமரியிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொள்ள வேண்டும். பதினாறு ரெஜிஸ்டர்களுக்குப் பதினாறு கெர்னல் அழைப்புகள்! அந்நாளைய யந்திரத்தில் அது கண்ணுக்குத் தெரியும் தாமதம். எனவே கேட்டால் ஒழியப் படிக்காதே என்று ஒரு சிக்கன விதியை ஜிடிபியில் எழுதிவைக்க வேண்டியதாயிற்று.

சரி, ஒரு ஃபிரேம் மேலே போய் அழைத்தவரைப் பார்ப்போம் என்றால், அங்கே ஒரு விசித்திரம். அவருடைய சொந்த ரெஜிஸ்டர்களும் வந்தவையும் அவருடைய ஸ்டாக்கில் இருக்கும். அவருடைய போகிறவை எங்கே? அவையே இவருடைய வந்தவை. ஆகவே அவற்றை இவருடைய ஸ்டாக்கில் தேட வேண்டும். ஒருவருடைய உடைமைகள் இரண்டு ஃபிரேம்களில் பிரிந்து கிடப்பதை ஒன்றாகச் சேர்த்து, உபயோகிப்பவருக்கு ஒரே பட்டியலாகக் காட்டுவதற்குப் பழைய 68000 டிபக்கரில் ஒரு வரிகூட இருக்கவில்லை. பொதுவான எட்டோ யாராலும் எங்கும் சேமிக்கப்படுவதில்லை. மேல் ஃபிரேமில் நின்றுகொண்டு அவற்றைக் கேட்டால் இப்போதைய மதிப்பைத்தான் சொல்ல முடியும். அப்போதைய மதிப்பு போனது போனதுதான்.

இதற்கும் மேலே, ஸேவ் என்னும் கட்டளையே இல்லாத ஃபங்ஷன்கள் உண்டு. வேறு யாரையும் அழைக்காத சின்ன ஃபங்ஷனுக்குப் புது ஜன்னல் எதற்கு என்று கம்பைலர் சிக்கனம் பிடித்துவிடும். அப்போது திரும்ப வேண்டிய முகவரி, வந்தவை எட்டில் ஒன்றான வழக்கமான ஐ7-இல் இராது, போகிறவை எட்டில் ஒன்றான ஓ7-இல் இருக்கும். டிபக்கர் பழக்க தோஷத்தால் ஐ7-ஐ நம்பினால், அழைத்தவர் ஒருவர் பட்டியலிலிருந்தே மாயமாகி, அவரை அழைத்தவர் நேராக இங்கே அனுப்பியதாகப் பொய்ச் சாட்சி பதிவாகும். ஸேவ் நிறைவேறுவதற்கு ஒரு கட்டளை முன்னால் புரோகிராம் நின்றாலும் இதே கதைதான். ஆகையால் ஒவ்வொரு ஃபங்ஷனின் முகப்பையும் படித்து, ஸேவ் எங்கே இருக்கிறது, இருக்கிறதா என்றே பார்த்து, பிரேக்பாயிண்டை அதற்கு அப்பால் தள்ளி வைப்பது ஜிடிபியின் வழக்கமாயிற்று.

* * *

இரண்டாவது இடையூறு இன்னும் கொடியது. ஸ்பார்க்கில் டிரேஸ் பிட் இல்லை.

இதனால் என்ன, ஒவ்வொரு கட்டளையாக நடப்பது என்னும் ஆடம்பரம் போனால் போகட்டும், பிரேக்பாயிண்ட் இருக்கிறதே என்று வாசகர் நினைக்கலாம். அங்கேதான் சூட்சுமம். பிரேக்பாயிண்டில் நின்ற புரோகிராமை மேலே ஓட்ட வேண்டுமானால், அங்கே எழுதிய டிராப்பை எடுத்துவிட்டு, அசல் கட்டளையைத் திரும்ப வைத்து, அந்த ஒரே ஒரு கட்டளையை மட்டும் நிறைவேற்றி, மறுபடியும் டிராப்பை எழுதிவிட்டு, பிறகே ஓடவிட வேண்டும். இல்லையேல் அடுத்த சுற்றில் அது அங்கே நிற்காது. ஒரு கட்டளை நடை தெரியாத யந்திரத்தில் பிரேக்பாயிண்ட் ஒருமுறைக்கு மேல் வேலை செய்யாது. டிபக்கரின் உயிர்நாடியே இந்த ஓர் அடியில்தான் இருந்தது.

சன் கம்பெனியின் கெர்னலும் இதில் கைகொடுக்கவில்லை. ஆகவே யந்திரம் செய்ய மறுத்ததை டிபக்கரே பாவனையாகச் செய்ய வேண்டியதாயிற்று: அடுத்த கட்டளை எங்கே நிறைவேறும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, அங்கே ஒரு தற்காலிக பிரேக்பாயிண்டை வைத்து, ஓடவிட்டு, நின்றதும் அதை எடுத்துவிடுவது.

அடுத்தது எங்கே என்று கணக்கிடுவது எளிதாயிருந்தால் இந்த அத்தியாயம் இவ்வளவு நீளாது. ஸ்பார்க்கில் ஒரு பிராஞ்ச் கட்டளை தாவ முடிவுசெய்தாலும், தாவுவதற்கு முன் தனக்கு அடுத்து நிற்கும் கட்டளையை நிறைவேற்றிவிட்டுத்தான் தாவும். பைப்லைனில் அந்தக் கட்டளை ஏற்கெனவே பாதி நுழைந்துவிட்டிருக்க, அதை வீணாக்குவானேன் என்ற எண்ணம். அந்த இடத்துக்கு டிலே ஸ்லாட் என்று பெயர். இதனால் இப்போதைய கட்டளையின் முகவரி ஒன்று, அதற்கடுத்த கட்டளையின் முகவரி ஒன்று என்று பிசி, என்பிசி ஆகிய இரண்டு முகவரிகளை இந்தப் பிராசசர் சதா கையில் வைத்துக்கொண்டிருக்கிறது. போதாக்குறைக்கு, பிராஞ்சில் ரத்து பிட் ஒன்றும் உண்டு. நிபந்தனையுள்ள பிராஞ்சில் அதை ஏற்றியிருந்தால், தாவினால் மட்டுமே டிலே ஸ்லாட் நிறைவேறும். தாவாவிட்டால் அது ரத்து. நிபந்தனையற்ற பிராஞ்சில் ஏற்றியிருந்தால், டிலே ஸ்லாட் எப்போதுமே ரத்து.

ஓர் உதாரணம். 1000 என்னும் முகவரியில் ரத்து பிட் ஏற்றிய, நிபந்தனையுள்ள பிராஞ்ச் ஒன்று, 980-க்குத் தாவக் காத்திருக்கிறது. தாவினால் அடுத்து நிறைவேறுவது 1004, தாவாவிட்டால் 1008. டிபக்கர் இரண்டு இடத்திலும் கண்ணி வைக்கிறது. நிபந்தனையற்றதாக இருந்தால், 980-இலேயே கண்ணி. ரத்து பிட் ஏற்றாத எதுவானாலும் அடுத்தது என்பிசி காட்டும் இடமே. அங்கே ஒரு கண்ணி போதும். இந்தச் சில விதிகளுக்குள் எல்லாம் அடங்கிவிட்டன என்பது படித்த பிறகு எளிதாய்த் தெரிகிறது.

ஆனால் 1004-இல் நின்ற புரோகிராமைக் கவனியுங்கள். அதன் பிசி 1004, என்பிசி 980. இதை மறந்து, அடுத்தது 1008-தானே என்று டிபக்கர் பிசியை மட்டும் எழுதி ஓடவிட்டால், திரும்பிச் சுற்ற வேண்டிய லூப் சத்தமில்லாமல் முடிந்துபோகும். புரோகிராமில் இல்லாத பிழை ஒன்றை டிபக்கரே உண்டாக்கிவிடும். பிழை தேட வந்தவனுக்கு இதைக் காட்டிலும் பெரிய அநியாயம் வேறில்லை. பழைய யந்திரத்தில் இருந்த ஒரு தொல்லை மட்டும் இங்கே தொலைந்தது: 68000-இல் டிராப்பில் விழுந்த பிசி இரண்டு பைட் முன்னே போய்விடுவதால் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும், ஸ்பார்க்கில் பிசி விழுந்த இடத்திலேயே நிற்கும். கழிக்க வேண்டியது பூஜ்யம்.

மூன்றாவது ஒன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதன் விசித்திரத்துக்காகவே சொல்ல வேண்டும். சாதாரணமாக ஒரு ஃபங்ஷன் முடிந்ததும், அழைத்த கட்டளைக்கும் அதன் டிலே ஸ்லாட்டுக்கும் அப்பால், எட்டு பைட் தள்ளித் திரும்பும். ஆனால் ஸ்ட்ரக்சர் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கும் ஃபங்ஷனாக இருந்தால், அந்த எட்டாவது பைட்டில், பிராசசர் ஒருநாளும் நிறைவேற்றக் கூடாத பொய்க் கட்டளை ஒன்றைக் கம்பைலர் எழுதி, ஸ்ட்ரக்சரின் அளவை அதற்குள் ஒளித்துவைத்திருக்கும். அழைக்கப்பட்டவர் அதைத் தாண்டிப் பன்னிரண்டு பைட் தள்ளித் திரும்புவார். ஃபங்ஷன் முடியும் வரை ஓட்டிக் காட்டு என்று கேட்கப்பட்ட டிபக்கர், எட்டில் கண்ணி வைத்துவிட்டுக் காத்திருந்தால் புரோகிராம் கையைவிட்டுப் போய்விடும். ஆகவே எட்டாவது பைட்டில் இருப்பதை முதலில் படித்துப் பார்த்து, பொய்க் கட்டளையாயிருந்தால் பன்னிரண்டு என்று ஜிடிபி திருத்திக்கொள்கிறது. கம்பைலர் எழுதத் தெரிந்தவனல்லாமல் வேறு யார் இதை யோசித்திருக்க முடியும்?

* * *

இவ்வளவையும் எங்கே எழுதிவைப்பது என்பதில்தான் பின்வரும் சம்பவங்களின் வித்து இருக்கிறது. அக்கால ஜிடிபியில் யந்திரத்துக்கு ஒரு ஹெடர் ஃபைல்: பிரேக்பாயிண்ட் கட்டளை எது, அது விழுந்தபின் பிசியில் எத்தனை கழிப்பது, ரெஜிஸ்டர்கள் எத்தனை, அவற்றின் பெயர்கள் என்ன, ஃபிரேம் சங்கிலியை எப்படிப் பின்தொடர்வது என்பவை எல்லாம் அதில் மேக்ரோக்களாக இருந்தன. மேக்ரோவில் அடங்காதவை தனி சி ஃபைலில். கட்டளைகளை வாசித்துக் காட்டுவதற்கு இன்னொன்று. ஜிடிபியைக் கட்டும்போது ஒரு ஸ்கிரிப்ட், எந்த யந்திரமோ அதன் ஃபைல்களைப் பொதுப்பெயர்களுக்கு லிங்க் செய்துவைக்கும். கம்பைலர் அந்தப் பெயர்களைத்தான் படிக்கும்.

எளிமையான, கச்சிதமான ஏற்பாடு என்பதில் சந்தேகமில்லை. ஸ்பார்க் வந்ததும் அதற்கு ஒரு ஹெடர், மிப்ஸ் வந்ததும் அதற்கு ஒரு ஹெடர் என்று யார் வேண்டுமானாலும் தம் யந்திரத்தைக் கொண்டுவந்து சேர்க்கலாம், சேர்த்தார்கள். 1989-இல் டீமனும், சன் கம்பெனியின் ஆரம்பகால ஊழியர்களில் ஒருவரான ஜான் கில்மோரும், டேவிட் ஹென்கல்-வாலஸும் கூடி சிக்னஸ் என்னும் ஸ்தாபனத்தைத் தொடங்கி, இப்படிக் கம்பைலரையும் டிபக்கரையும் புதுப்புது யந்திரங்களுக்குக் கொண்டுபோவதையே ஜீவனோபாயமாக ஆக்கிக்கொண்டார்கள்.

ஆனால் மேக்ரோ என்பது கம்பைல் செய்யும் கணத்திலேயே உறைந்துவிடுவது. ஸ்பார்க்குக்கென்று கட்டிய ஜிடிபிக்கு ஸ்பார்க் தவிர வேறெதுவும் தெரியாது. மிப்ஸ் ஒன்று மேஜைமேல் வந்தால் ஜிடிபி இன்னொரு தடவை கட்டப்பட வேண்டும்.

இதே சமயத்தில் பிரின்ஸ்டன் சர்வகலாசாலையில் நார்மன் ராம்ஸி என்ற மாணவரும் டேவிட் ஹான்ஸன் என்ற பேராசிரியரும் எல்டிபி என்னும் வேறொரு டிபக்கரைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். 1992-இல் அவர்கள் அதைப் பற்றி வெளியிட்ட கட்டுரை, அது மிப்ஸ், 68020, ஸ்பார்க், வாக்ஸ் ஆகிய நான்கையும் அறிந்தது, ஒரு யந்திரத்திலிருந்துகொண்டு வேறு ஜாதி யந்திரத்தின் புரோகிராமையும் விசாரிக்கக் கூடியது, மொத்தம் சுமார் 16,000 வரிகள் கொண்டது, அவற்றில் ஒவ்வொரு யந்திரத்துக்கும் உரியவை வெறும் 250 முதல் 550 வரிகளே என்று அறிவித்தது.

ஜன்னல்களும் டிலே ஸ்லாட்டுகளும் உள்பட ஸ்பார்க்கின் வக்கிரங்கள் முழுவதையும் சில நூறு வரிகளுக்குள் அடக்கிக் காட்டிய அந்த டிபக்கர் கண்முன்னே நின்றிருக்க, கட்டும்போதே ஒரே யந்திரத்தோடு உறைந்துபோகும் ஜிடிபியின் பின்னால் உலகம் ஏன் திரண்டது?

(தொடரும்)